பண்டிதருக்கு வாசித்துக் காட்டியவர்கள்

சமண தத்துவ அறிஞர் பண்டித சுக்லால்ஜி சங்கவியைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியிலேயே கண் வந்துவிடுகிறது. பதினாறு வயதில் பெரியம்மை, பார்வை போனது என்று சொல்லி முடிப்பதற்குள் அபார ஞாபகசக்தி, அகக்கண், ஞானக்கண், விதியை வென்ற வீரர் என்று வரிசையாக வந்து நிற்கும். நானும் கண்ணில்தானே தொடங்கியிருக்கிறேன் என்று கேட்டால், ஆமாம், தவிர்க்க முடியவில்லை. ஆனால் ரொம்ப நாளாக எனக்குள் உறுத்திக்கொண்டிருப்பது வேறு. ஒருவரை அதிசயம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவர் எப்படி வேலை செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இவர் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். தத்துவப் பேராசிரியர் என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம். மனதில் இருப்பதைச் சொல்லிக்கொண்டு போகலாம். இவர் அதோடு சுவடிப் பதிப்பாசிரியர். பதிப்பு என்பது முழுக்க முழுக்கக் கண்ணை நம்பிய தொழில். உ.வே.சா. பட்ட பாடு நமக்குத் தெரியும்: ஓலையில் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும், குறில் நெடில் பிரியாது. நாகரி லிபியிலும் இதே வம்பு உண்டு. 'ப' எழுதியிருக்கிறதா 'ய' எழுதியிருக்கிறதா என்று ஒரு சின்னக் கோட்டை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சமணச் சுவடிகளில் 'ச்ச'வும் 'த்த'வும் குழம்புவது பிரசித்தம். ஒரு நூலுக்குப் பல படிகள் கிடைத்தால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாடம் இருக்கும். இதையெல்லாம் ஒருவர் பார்க்காமல் எப்படிச் சரிபார்த்தார்? ஞாபகசக்தி இதற்குப் பதில் ஆகாது. எவ்வளவு பெரிய ஞாபகமாக இருந்தாலும் யாரோ ஒருவர் உள்ளே போட்டால்தானே அது உள்ளே இருக்கும். 1897 முதல் 1978 வரை, எண்பது ஆண்டுகளாக, அந்த மனிதருக்கு ஒவ்வொரு வரியையும் யாரோ வாசித்தார்கள்; அவர் சொன்ன ஒவ்வொரு வரியையும் யாரோ எழுதினார்கள். அவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தேட ஆரம்பித்த பிறகுதான் சுக்லால்ஜி எனக்கு ஒரு மனிதராகத் தெரிய ஆரம்பித்தார்.

லிம்லியில் நான்கு மாதம்

சௌராஷ்டிரத்தில், இன்றைய சுரேந்திரநகர் மாவட்டத்தில் லிம்லி என்று ஒரு கிராமம். 1880 டிசம்பர் 8ஆம் தேதி ஒரு சமண வணிகக் குடும்பத்தில் பிறந்தார். நாலு வயதில் அம்மா இறந்துவிட்டார். ஊர்ப் பள்ளியில் குஜராத்தி படித்து முடித்ததும் கடையில் உட்கார வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கணக்கும் கொள்முதலும் பழகிக்கொண்டிருந்த பையனுக்கு 1897இல் அம்மை வந்தது. பார்வையில்லாத வணிகர் வீட்டுப் பையனுக்கு ஒரு கத்தியவார் கிராமத்தில் செய்வதற்கு எந்த வேலையும் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

அவரைக் காப்பாற்றியது சமணத் துறவிகளின் நடைப்பயணம். வருடம் முழுக்க ஊர் ஊராக நடக்கிறவர்கள் மழைக்காலத்தில் மட்டும் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவார்கள். புழு பூச்சி மிதிபடக் கூடாது என்பது விதி. அந்த நான்கு மாதம் லிம்லிக்குப் படிப்பு வரும். இவர் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். பிராகிருதத் துதிகள், ஆகமப் பகுதிகள், கொஞ்சம் சமஸ்கிருதம் என்று வந்தவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு மனப்பாடம் செய்தார். மழை முடிந்தால் வாத்தியார் கிளம்பிப் போய்விடுவார். அடுத்த வருடம் வேறு ஒருவர் வருவார், அவருக்கு வேறு ஏதாவது தெரிந்திருக்கும். இப்படி ஏழு வருடம். மனப்பாடம் செய்தது பெரிய விஷயமில்லை என்பது என் கட்சி. அந்த மரபில் சின்ன வயதில் துறவு பூண்ட எந்தப் பிள்ளையும் ஆயிரக்கணக்கில் சுலோகம் ஒப்பிக்கும். இவருக்குத்தான் ஒப்பித்ததற்கு அர்த்தம் தெரிந்தாக வேண்டும் என்று அரிப்பு வந்தது. அர்த்தம் வேண்டுமென்றால் இலக்கணம் வேண்டும், இலக்கணம் வேண்டுமென்றால் காசிக்குப் போக வேண்டும்.

காசியில் விஜயதர்ம சூரி என்ற துறவி சமண மாணவர்களுக்காக ஒரு பாடசாலை தொடங்கியிருந்தார். அவர் உருவ வழிபாடு உள்ள பிரிவு. சங்கவி குடும்பமோ ஸ்தானகவாசி, கோயிலும் சிலையும் கூடாது என்கிற பிரிவு. இரண்டும் சுவேதாம்பரம்தான், ஆனால் ஒன்றின் பாடசாலைக்கு இன்னொன்றின் பிள்ளை போவது அன்று சாதாரணமில்லை. 1904இல் போனார். அங்கே பழைய சமண அறிஞர் ஹேமச்சந்திரரின் சித்தஹேமம் என்ற இலக்கணத்தைப் பதினெட்டாயிரம் சுலோக அளவுள்ள உரையோடு மூன்றே வருடத்தில் மனதில் ஏற்றிக்கொண்டார். பிறகு பாடசாலையிலிருந்து பிரிந்து, நண்பர் ஒருவரோடு கங்கைக் கரையில் தங்கி, சாப்பாட்டுக்கே திண்டாடிக்கொண்டு, சமணரல்லாத பண்டிதர்களிடம் நியாயம் என்ற தர்க்க சாஸ்திரத்தைப் படித்தார். அங்கிருந்து பிகாரில் உள்ள மிதிலை.

மிதிலைக் கதை ஒன்றை எல்லோரும் குருபக்திக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். கடும் குளிர்காலம். இவரிடம் ஒரே ஒரு கம்பளி ஸ்வெட்டர் இருந்தது. குரு அதைப் பார்த்து நன்றாயிருக்கிறதே என்றாராம். உடனே கழற்றிக் கொடுத்துவிட்டார். மீதிக் குளிரை வைக்கோலைப் பரப்பி, கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு கழித்தார். எனக்கு இதைப் படிக்கும்போது பக்தி வரவில்லை, அந்தக் குருவின்மேல் எரிச்சல்தான் வந்தது. நவ்ய நியாயம் என்ற புதிய தர்க்கத்தை அங்கே காதால்தான் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதில் ஒவ்வொரு சொல்லும் ஏன் இருக்கிறது, எடுத்துவிட்டால் என்ன ஓட்டை விழும் என்று நாள்கணக்கில் பேச வேண்டும். அந்தவிதத்தில் பார்வையில்லாதவருக்குத் தோதான படிப்பு. ஆனால் மற்ற மாணவர்கள் குருவுக்கு மனத்தாங்கல் வந்தால் ஏட்டை எடுத்துத் தாங்களாகவே புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இவருக்கு அந்த வாயை விட்டால் வேறு வழியில்லை. ஸ்வெட்டர் விஷயத்தில் அவருக்கு மறுக்கும் சுதந்திரம் எவ்வளவு இருந்தது? பின்னாளில் தர்பங்காவில் பாலகிருஷ்ண மிஸ்ரர் என்ற பேரறிஞர் கிடைத்தபோதுதான் உண்மையான ஆசிரியர் என்று சொல்லும்படி ஒருவர் அவருக்கு வாய்த்தார்.

தேர்வுக் கூடம்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய சம்பவம் காசியில் நடந்தது. அரசு சமஸ்கிருதக் கல்லூரியில் நியாயத் தேர்வு எழுதப் போனார் சுக்லால். சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளைக் கொடுத்தார்கள். அந்த ஆளுக்கு இவர் சொல்வதைச் சரியாக எழுதத் தெரியவில்லை. நவ்ய நியாய வாக்கியம் ஒன்றில் ஒரு விகுதி மாறினால் வாதமே தலைகீழாகிவிடும். சுக்லால் முறையிட்டார். கல்லூரி முதல்வர் ஆர்தர் வெனிஸ் என்ற ஆங்கிலேயர். நிலைமையைப் புரிந்துகொண்டு வாய்மொழித் தேர்வுக்கு ஏற்பாடு செய்தார். தானும் உட்கார்ந்து கேட்டார். பதில்கள் அவருக்கு மிகவும் பிடித்துப்போயின.

இது எனக்கு ஏன் இவ்வளவு தைத்தது என்றால், நானும் ஒருமுறை அந்த நாற்காலியில், அதாவது எழுதுகிற ஆளின் நாற்காலியில், உட்கார்ந்திருக்கிறேன். பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு ஸ்கிரைப் வரவில்லை, வர முடியுமா என்று தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார், போனேன். இளங்கலை வரலாறு, அரியர் தாள். அந்தத் தம்பி சொல்லச் சொல்ல எழுத வேண்டும், நான் எதுவும் சேர்க்கக் கூடாது, திருத்தக் கூடாது. நியாயமான விதி. முதல் பக்கத்திலேயே ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னார். கை தயங்கியது, எழுதினேன். அது அவருடைய தாள். ஆனால் அடுத்த சிக்கல் எந்த விதியிலும் இல்லை. ஒரு போர்த்துக்கீசியப் பெயரைச் சொன்னார். அதை எப்படி எழுதுவது என்பது என் முடிவு. எங்கே பத்தி பிரிப்பது, எந்த இடத்தில் அடிக்கோடு, எந்த வாக்கியத்தை அவர் மூச்சு வாங்கியதற்காக நான் முடித்துவிட்டேன், இதெல்லாம் என் முடிவு. கடைசியில் "அண்ணே, மூணாவது கேள்விய ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க" என்றார். கண்காணிப்பாளர் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆக, தான் எழுதிய விடை எப்படி இருக்கிறது என்று தெரியாமலே அந்தத் தம்பி தாளைக் கொடுத்தார். நல்ல கையெழுத்துதானே என்று வெளியே வந்ததும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? சுமாரான கையெழுத்து என்றால் அவருக்கு இனி என்ன செய்ய முடியும்?

சுக்லால் முறையிட்டதன் அருமை எனக்கு அதனால் புரிகிறது. எழுதுகிறவர் தப்பாக எழுதுகிறார் என்று பார்க்காதவருக்கு எப்படித் தெரிந்தது? திருப்பி வாசிக்கச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அந்த ஆள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளிலிருந்தே இவனுக்கு விளங்கவில்லை என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். எப்படியோ. உதவிக்கு வந்தவரைப் பற்றிப் புகார் சொல்வது சுலபமில்லை. கிடைத்ததே பெரிது என்று இருக்க வேண்டியவர்கள் என்றுதான் ஊர் நினைக்கும்.

ஆனால் கதை அங்கே இனிமையாக முடியவில்லை. அடுத்தடுத்த கட்டத் தேர்வுகளையும் கொடுத்துக்கொண்டு போனவர், நியாயாசாரியப் பட்டத்தின் கடைசிக் கட்டத்தில் தேர்வாளர்கள் நடந்துகொண்ட விதத்தால் மனம் கசந்து, இனி இந்தக் கட்டடத்துக்குள் பரீட்சைக்காகக் காலெடுத்து வைப்பதில்லை என்று தீர்மானித்து வெளியே வந்துவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே கட்டடத்துக்குள் மறுபடி போனார், பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவின் உறுப்பினராக. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களுக்கு இந்த இடம் கொண்டாட்டம். எனக்கு அந்த வெற்றியைவிட இடையில் உள்ள காலம்தான் முக்கியம். இந்த நாளுக்குப் பிறகு அவர் யாரிடமும் மதிப்பெண் வாங்கப் போகவில்லை. அவருக்கு வந்த டாக்டர் பட்டங்கள் எல்லாம் பின்னாளில் பல்கலைக்கழகங்கள் தாமாகக் கொடுத்தவை. தான் சொல்வதை யார் எழுதுவது, தனக்கு யார் வாசிப்பது என்பதை அதன் பிறகு அவரே தேர்ந்தெடுத்தார். விளங்காமல் எழுதும் கை எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தவர், கை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் விளங்கவைப்பது என்று இறங்கிவிட்டார் என்று நான் படிக்கிறேன். அவருடைய ஆசிரியத் தொழில் இங்கே தொடங்கியது.

எட்டு லட்சம் அசை

இடையில் குஜராத்திலும் ஆக்ராவிலும் துறவிகளுக்கும் மாணவர்களுக்கும் பாடம் சொன்னார். கர்மக் கோட்பாட்டு நூல்களை ஹிந்தியில் விளக்கினார். காந்தியின் கோச்ரப் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் தங்கி, அவரோடு உட்கார்ந்து திரிகை சுற்றி மாவரைத்ததில் கையில் கொப்புளம் வந்தது. இதையெல்லாம் வேகமாகக் கடந்துவிடலாம். 1920இல் காந்தி குஜராத் வித்யாபீடத்தைத் தொடங்கினார். அதன் ஆய்வுப் பிரிவான புராதத்துவ மந்திருக்கு முனி ஜினவிஜயர் தலைமை. தர்மானந்த கோசம்பி, பேச்சர்தாஸ் தோஷி, ரசிக்லால் பரீக் என்று ஒரு கூட்டம். சுக்லால்ஜி இந்திய தத்துவத்துக்கு. ஆங்கில அரசின் பல்கலைக்கழகத்துக்கு மாற்றாக ஒரு தேசியப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று தொடங்கியவர்கள் முதலில் செய்த பெரிய வேலைகளில் ஒன்று 167 பிராகிருதப் பாடல்களைப் பதிப்பித்தது என்று சொன்னால் இன்று சிரிப்பார்கள்.

பாடல் 167தான். சித்தசேன திவாகரரின் சன்மதி தர்க்கம் என்ற சமணத் தர்க்க நூல். அதற்கு அபயதேவ சூரி எழுதிய உரை இருபத்தையாயிரம் கிரந்தம். ஒரு கிரந்தம் என்றால் 32 அசை. பெருக்கினால் எட்டு லட்சம். வாதக் கடல் என்று அந்த உரைக்கே ஒரு பெயர் உண்டு, பொருத்தமான பெயர். பௌத்தர், மீமாம்சகர், நையாயிகர், சாங்கியர் என்று ஒவ்வொருவர் கட்சியையும் முதலில் பக்கம் பக்கமாக அவர்கள் சொல்வதுபோலவே சொல்லி, பிறகு மறுப்பார். எதிராளி எங்கே பேசி முடித்தார், உரைகாரர் எங்கே தொடங்கினார் என்று சுவடியில் குறி எதுவும் இருக்காது. பல படிகளை வைத்துக்கொண்டு இதைப் பதிப்பித்தார்கள் சுக்லால்ஜியும் பேச்சர்தாஸும். 1920களில் தொடங்கிய வேலை ஐந்து பெரிய பாகங்களாக வெளிவந்து முடிய ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின.

இங்கே காதுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சுவடியைப் பார்க்கிறவர் எழுத்தைப் பார்ப்பார். வாசிக்கக் கேட்கிறவர் குரலைக் கேட்பார். ஒரு வாதம் நடுவில் ஆள் மாறினால், இது பௌத்தர் தர்மகீர்த்தி பேசுகிற தோரணை, இது மீமாம்சகர் குமாரிலர் என்று, அந்த நூல்களைத் தலையில் வைத்திருப்பவருக்குச் சட்டென்று பிடிபடும். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பில் இந்தக் கருத்து எந்தெந்த மரபின் எந்தெந்த நூலில் வருகிறது என்று ஒப்புமைகளை அடுக்கியதுதான் அந்தப் பதிப்பின் புகழுக்குக் காரணம். கண் பார்த்துச் சரிசெய்ய வேண்டியதைப் பேச்சர்தாஸும் மற்றவர்களும் பார்த்தார்கள். யார் பேசுகிறார் என்பதை இவர் கேட்டுச் சொன்னார். இரண்டு பேர் பெயரும் அட்டையில் இருக்கிறது. அது முக்கியம்.

அதே காலத்தில் இன்னொன்று நடந்தது. 1926இல் குஜராத்தின் பாடண் நகரத்துச் சமணச் சுவடி நிலையம் ஒன்றில் ஓர் ஓலைச்சுவடி அகப்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய படி. உலகத்தில் அந்த நூலுக்கு அது ஒன்றே பிரதி. ஜயராசி பட்டர் என்பவரின் தத்துவோபப்லவசிம்மம். லோகாயதர், அதாவது கடவுளும் மறுபிறப்பும் இல்லை என்ற பழைய நாத்திகர், பக்கத்திலிருந்து நமக்கு முழுசாகக் கிடைத்திருக்கும் தத்துவ நூல் இது ஒன்றுதான். லோகாயதமே பொதுவாக எதிராளியின் வாயால்தான் நமக்குத் தெரியும். மணிமேகலையில் பூதவாதி வந்து நாலு வரி பேசிவிட்டுப் போவான், நீலகேசியில் பூதவாதி தோற்பதற்காகவே வருவான். குண்டலகேசியே போய், அதை மறுத்த நீலகேசி தங்கிவிட்ட ஊர் நம்முடையது. ஆகவே ஒரு நாத்திகர் தன் வாயாலேயே பேசும் நூல் என்றால் எனக்கு ரத்தம் சூடாகிறது. ஜயராசியோ நாம் எதிர்பார்க்கும் நாத்திகர்கூட இல்லை. நிலம், நீர், தீ, காற்று நான்கும் மெய் என்ற லோகாயத அடிப்படையையே தட்டிவிடுகிறார். காட்சி, அனுமானம் என்று அறிவுக்கு வழியாக யார் எதைச் சொன்னாலும் அந்த இலக்கணம் நிற்காது என்று ஒவ்வொன்றாக உடைக்கிறார். சமணரையும் விடவில்லை. ஆராயாமல் விட்டுவைத்தால்தான் உலக நடப்பு அழகாக இருக்கும் என்கிறார். தேவகுரு பிருகஸ்பதிக்கே தோன்றாத கேள்விகள் இதில் உண்டு என்று கடைசியில் பெருமை வேறு.

இதை சுக்லால்ஜியும் ரசிக்லால் பரீக்கும் பதிப்பித்து 1940இல் பரோடாவின் கெய்க்வாட் கீழைத்தேய நூல் வரிசையில் 87ஆம் எண்ணாக வெளியிட்டார்கள். (அதே வரிசையில் 1926இல் சாந்தரக்ஷிதரின் தத்துவ சங்கிரகத்தைப் பதிப்பித்தவர் எம்பார் கிருஷ்ணமாச்சாரியர், நம்மூர் வைணவர். ஒரு வைணவர் பௌத்தரைப் பதிப்பிக்கிறார், ஒரு சமணர் லோகாயதரைப் பதிப்பிக்கிறார். பரோடா மகாராஜாவின் காசு.) பார்வையில்லாதவர், கண்ணால் காண்பதும் அறிவுக்குப் பிரமாணம், அதாவது சான்று, இல்லை என்கிற நூலைப் பதிப்பித்தார் என்று இந்த முரணை ஊதிப் பெரிதாக்க ஆசை வருகிறது. அது சரிப்படாது. இந்திய தர்க்கத்தில் காட்சி என்பதில் காதும் தோலும் நாக்கும் அடக்கம். ஜயராசி அடித்தால் எல்லாவற்றுக்கும்தான் அடி.

சமணர்கள் எதிரியின் நூலைப் பாதுகாத்தது, உண்மைக்குப் பல பக்கம் உண்டு என்கிற அவர்களுடைய அநேகாந்தவாதத்தின் பெருந்தன்மை என்று ஒரு விளக்கம் அடிக்கடி வரும். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. வாதத்தில் ஜெயிக்க எதிரியின் நூல் தேவை. ஜயராசியின் ஆயுதத்தை எடுத்து மற்றவர்களை அடித்துவிட்டு, தங்களை மட்டும் ஒதுக்கிவைத்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். பெருந்தன்மையோ தந்திரமோ, ஓலை தப்பித்தது. சுக்லால்ஜிக்கு மட்டும் அதில் ஜெயிக்க எதுவும் இருக்கவில்லை. எந்தத் தத்துவத் தரிசனத்தையும் தனியாக வைத்துப் படித்தால் விளங்காது, ஒன்றின் கேள்விக்கு இன்னொன்று சொன்ன பதில்தான் எல்லாம் என்பதை அவர் விடாமல் சொல்லிவந்தார். ஹேமச்சந்திரரின் பிரமாண மீமாம்சைக்கு அவர் ஹிந்தியில் எழுதிய குறிப்புகள் அப்படிப்பட்டவை; மூலத்தைவிடக் குறிப்புகளுக்காகவே அந்தப் பதிப்பைத் தேடுகிறவர்கள் உண்டு.

முப்பத்தைந்து ரூபாய்

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது, வித்யாபீடத்தின் வேலைகள் நின்றன. ஐம்பதை ஒட்டிய வயதில் ஆங்கிலம் கற்க ஆரம்பித்தார். 1933இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சமண தத்துவத்துக்கான ஆசனம், அதாவது பேராசிரியர் பதவி. அங்கேதான் தல்சுக் மால்வணியா வருகிறார். சிறுவயதில் தகப்பனை இழந்து, சுரேந்திரநகரில் ஓர் அனாதை விடுதியில் வளர்ந்த பையன். படித்து முடித்து பம்பாயில் ஒரு சமணப் பத்திரிகையில் மாதம் நாற்பது ரூபாய்க்கு வேலை. 1936இல் அதை விட்டுவிட்டு, சுக்லால்ஜிக்கு வாசித்துக் காட்டும் வேலைக்கு முப்பத்தைந்து ரூபாய்க்கு வந்தார். ஐந்து ரூபாய் குறைவு.

வாசித்துக் காட்டுவது என்றால் என்ன என்று யோசித்தால் சம்பளக் கணக்கு வேறு மாதிரித் தெரியும். நாள் முழுக்க நியாயம், பௌத்தம், மீமாம்சை என்று மூல நூல்களைச் சத்தமாகப் படிக்க வேண்டும். படிப்பவர் ஒரு சந்தியைத் தப்பாகப் பிரித்தால் கேட்பவர் அங்கேயே நிறுத்துவார், ஏன் தப்பு என்று சொல்லுவார். இது எந்த வகுப்பிலும் கிடைக்காத வகுப்பு. எதிரில் இருப்பவருக்கு இது வகுப்பில்லை, அவருடைய சொந்த வேலை, ஆகவே சோம்பல் இருக்காது. அதே நேரத்தில் இதே வேலை ஒருவரை வெறும் கருவியாகவும் ஆக்கிவிடும். பெரிய மனிதர்களின் எழுத்தர்களாக இருந்து பெயரில்லாமல் போனவர்கள் எத்தனை பேர். மால்வணியா அப்படிப் போகவில்லை. 1944இல் சுக்லால்ஜி ஓய்வு பெற்றபோது அந்த ஆசனத்துக்கு வந்தவர் மால்வணியாதான். அப்புறம் அகமதாபாத்தில் எல்.டி. இந்தியவியல் நிறுவனத்துக்கு நெடுங்காலம் இயக்குநர், 1992இல் பத்மபூஷண். குருவுக்கு அதே விருது 1974இல்.

முப்பத்தைந்து ரூபாய் குறைச்சல்தான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அறிவுத் தாகம் உள்ளவன் குறைந்த காசுக்கு வருவான் என்று நம் ஊரில் இன்றும் எத்தனையோ பேர் ஆய்வு மாணவர்களைப் பிழிகிறார்கள். ஆனால் சுக்லால்ஜி பணத்தை வைத்துக்கொண்டு கொடுக்காதவர் இல்லை. 1957இல் பம்பாயில் ராதாகிருஷ்ணன் தலைமையில் பெரிய பாராட்டு விழா எடுத்து நிதி திரட்டிக் கொடுத்தார்கள். அதை அப்படியே ஓர் அறக்கட்டளைக்குத் திருப்பிவிட்டார். மறு வருடம் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய 'தர்சன் அனே சிந்தன்' கட்டுரைத் தொகுப்பு, ஒரு வரிகூட அவர் கையால் எழுதாதது. சொல்லச் சொல்ல எழுதியவர்களும் தேடித் தொகுத்தவர்களும் அவரிடம் படித்தவர்களே.

கடைசியாக ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு கேட்டுப் பழகியவர் எந்தக் கட்சியும் சாராதவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. சமணத்தில் சுவேதாம்பரர், திகம்பரர் இரு சாராரும் ஏற்கும் நூல் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம். சுக்லால்ஜி அதற்கு எழுதிய உரை இன்றும் நல்ல அறிமுகம். ஆனால் அதன் முன்னுரையில், சூத்திரத்தோடு வரும் பாஷியம் என்ற பழைய உரையும் உமாஸ்வாதியே எழுதியது, அவர் சுவேதாம்பர மரபினர் என்று வாதிட்டார். திகம்பர அறிஞர்களுக்கு அது பிடிக்கவில்லை, பிடிக்கவும் நியாயமில்லை. எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி கிடையாது. என் கண்ணில் பட்டது வேறு. 1940களின் இறுதியில் அகமதாபாத்தில் அவருக்கு உதவியாக இருந்த இளைஞர் பத்மநாப ஜைனி, கர்நாடகத்தின் மூடபித்ரிக்குப் பக்கத்திலுள்ள நெல்லிக்கார் ஊர்க்காரர், திகம்பரர். அந்தப் பையனிடம் திகம்பர நூல்களையும் வாசிக்கச் சொல்லி வைத்துக்கொண்டிருக்கலாம். நல்ல வாசகர் கிடைப்பது அரிது. மாறாக, வித்யாபீடத்து நண்பர் கோசம்பி 1947இல் இறந்த பிறகு அவர் நினைவாக ஏற்பட்ட உதவித்தொகையில் பாலி படிக்க இலங்கைக்குப் போகச் சொல்லி 1949இல் அனுப்பிவைத்தார். ஜைனி பிற்காலத்தில் பெர்க்லியில் பௌத்தம் கற்பித்தார். சமண நெறியைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் 1979இல் வந்தது; சுக்லால்ஜி அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில்தான், தொண்ணூற்றேழு வயதில், காலமாகியிருந்தார்.

சுக்லால்ஜியைப் படித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் அந்தத் தத்துவார்த்த சூத்திர உரையிலேயே தொடங்கலாம், ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் கிடைக்கிறது. முன்னுரையை மட்டும் கடைசிக்கு ஒதுக்கிவையுங்கள், சண்டை எல்லாம் அங்கேதான் இருக்கிறது.